பதினெட்டுப் பேருக்கு ஒரு கடல்

கடலை இரண்டு முறை பார்த்தவள் என்பதுதான் என் தகுதி. எங்கள் மகளிர் குழுவில் வேறு யாருக்கும் அது இல்லை. திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையில் இருந்தபோது ஹாஸ்டலில் இருந்து ஒரு தடவை கன்னியாகுமரிக்கும் ஒரு தடவை மாமல்லபுரத்துக்கும் கூட்டிப் போனார்கள். கன்னியாகுமரியில் மழை பிடித்துக்கொண்டது. மாமல்லபுரத்தில் என் செருப்பு தொலைந்து, அதைத் தேடியதிலேயே பொழுது போய்விட்டது. இருந்தும், மிளகு பறித்து முடிந்த கையோடு குழுவில் எல்லோரும் வீட்டு ஆட்களோடு கடலுக்கு ஒரு டூர் போவது என்று முடிவானபோது, எல்லா முகமும் என் பக்கம்தான் திரும்பியது.

"கடலப் பாத்தவ நீதான் கண்ணு. எந்தக் கடலு நமக்குத் தோதுப்படும்னு நீயே பாத்துச் சொல்லு" என்றார் குழுத் தலைவி.

எங்கள் மலையில் இருக்கிற செம்மேட்டுக் கடையில் எந்த சோப்பு நல்லது என்று கேட்பது போலக் கேட்டார். நானும் பெருமையாகத் தலையை ஆட்டினேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வது எனக்குப் புதிதில்லை.

ஒப்புக்கொண்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதைச் சொல்லாமல் மேலே போனால் இதில் நான் ரொம்ப நல்லவளாகத் தெரிவேன். அது வேண்டாம்.

என் அண்ணன் மனைவியை நான் நங்கை என்று கூப்பிடுவேன். எங்கள் பக்கம் அப்படித்தான். அண்ணன் வீடும் என் வீடும் ஒரே சரிவில், கூப்பிடு தூரம். இரண்டு வருஷத்துக்கு முன்னால், அவர்கள் தோட்டத்தில் மிளகு பறித்துக்கொண்டிருந்தோம். நங்கை மூங்கில் ஏணியில் மேலே. நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு. மிளகு பறிப்பில் கீழே நிற்பவளுக்கு வேறு வேலையே கிடையாது, பிடித்துக்கொண்டு நிற்பதுதான் வேலை. என் போன் அடித்தது. எங்கள் ஊரில் நின்ற இடத்தில் போன் அடிக்கும், பேச்சு கேட்காது. தோட்டத்து ஓரப் பாறைக்குப் போனால்தான் முழு சிக்னல். நான் பாறைக்குப் போனேன். ஏதோ ஒரு கம்பெனியில் இருந்து ஒரு பெண் தேன் மாதிரிப் பேசி, எனக்கு ஒரு கார்டு கொடுக்கப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் பேசி முடிப்பதற்குள் பின்னால் சத்தம் கேட்டது.

இடுப்பு எலும்பு உடைந்துவிட்டது. மூங்கிலில் போர்வையைக் கட்டி, அந்தத் தூளியில் வைத்துத்தான் ரோடு வரைக்கும் தூக்கிக்கொண்டு போனார்கள். சேலத்தில் ஆபரேஷன் நடந்தது. நங்கைக்கு இப்போது ஒரு கால் கொஞ்சம் குட்டை, கையில் எப்போதும் தடி. ஏணி வழுக்கிவிட்டது என்று நான் எல்லோரிடமும் சொன்னேன். நங்கையும் ஆமாம், வழுக்கிவிட்டது என்றார். அந்தப் பேச்சு அதோடு சரி. ஒரு நாளாவது ஏன்டி விட்டுட்டுப் போனே என்று என்னைத் திட்டியிருந்தால், இந்த இரண்டு வருஷமும் கொஞ்சம் தூங்கியிருப்பேன்.

சேலத்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது பொழுது போகட்டும் என்று என் போனில் ஏதேதோ வீடியோ காட்டுவேன். ஒன்றில் கடல் வந்தது. நங்கை போனை என் கையில் இருந்து வாங்கி, அதைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார். "ஒருக்காவாச்சும் கடலுக்குப் போயிட்டு வந்துரோணும் கண்ணு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் அன்றைக்கே மனதில் முடிச்சுப் போட்டுக்கொண்டேன். நங்கையின் காலைக் கடல் தண்ணீரில் நனைக்காமல் விடுவதில்லை. ஊர் கடல் பார்க்கக் கிளம்பியது. நான் அதற்காகக் கிளம்பினேன்.

ஒரு நோட்டு வாங்கினேன். வீடு வீடாகப் போய், அவரவருக்கு என்ன மாதிரிக் கடல் வேண்டும் என்று எழுதிக்கொண்டேன். நானே இழுத்துவிட்டுக்கொண்ட வினை அது. கேட்காமல் இருந்திருந்தால் வாயை மூடிக்கொண்டு வந்திருப்பார்கள். கேட்ட பிறகு எல்லோருக்கும் ஆசை முளைத்துவிட்டது.

தலைவிக்குக் கோயில் இருக்கிற கடல் வேண்டும். சும்மா குளித்தால் அது ஆற்றில் குளித்த மாதிரியாம். சாமி கும்பிட்டுக் குளித்தால்தான் கணக்கில் சேருமாம். புதிதாகக் கல்யாணம் ஆன ஜோடிக்கு, பின்னால் வேறு மனுஷத் தலை தெரியாமல் போட்டோ எடுக்கிற இடமாக இருக்க வேண்டும். அந்தப் பெண் பாண்டிச்சேரி பாண்டிச்சேரி என்று என் காதில் ஓதிக்கொண்டே இருந்தாள். பாண்டிச்சேரி என்றதும் ஆண்கள் அத்தனை பேரும் பாண்டிச்சேரிக்குக் கைதூக்கினார்கள். அவர்களுக்கு எதற்கு என்று பெண்களுக்குத் தெரியும். அதோடு பாண்டிச்சேரி பட்டியலில் இருந்து போயிற்று. பாவம், போட்டோக்காரப் பெண்.

மேட்டு வீட்டு அக்காவுக்கு பஸ் என்றாலே வாந்தி. மலையடிவாரத்துக் காரவள்ளிக்கு இறங்குவதற்குள் எழுபது வளைவிலும் குடலைக் கையில் பிடித்துக்கொண்டு போகிறவர். "எந்தக் கடலுன்னாலும் சரிங்க, கிட்டக்க இருக்கோணும்" என்றார். நாமக்கல்லுக்குப் பக்கத்தில் கடல் கிடையாது என்று சொன்னதற்கு, நான் ஒளித்து வைத்திருக்கிறேன் என்பது போலப் பார்த்தார். டிவியில் சுனாமி பார்த்த ஒருத்தி, "கடலு கொஞ்சம் தள்ளி இருக்கற மாதிரி கடக்கரை ஏதாச்சும் இருந்தாப் பாரு புள்ள" என்றாள். அதையும் எழுதிக்கொண்டேன். எழுதிவிட்டு அவள் வீட்டு வாசலிலேயே நோட்டால் தலையில் அடித்துக்கொண்டேன்.

அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணனுக்கு மீன். "எங்க புடிச்ச மீன அங்கயே வறுத்துத் தர்றாங்களோ அங்க போலாம்" என்றான். நங்கை அடுப்படியில் உட்கார்ந்து சாமை புடைத்துக்கொண்டிருந்தார். அண்ணன் பெயருக்கு எதிரே மீன் என்று எழுதி நோட்டை மூடினேன். நங்கைக்கு என்ன வேண்டும் என்பது எனக்குத்தான் தெரியுமே, எழுதுவதற்கு என்ன இருக்கிறது.

இரண்டு வாரம் பாறையிலேயே குடியிருந்தேன். ஒவ்வொரு ஊர் வீடியோவாகப் பார்த்தேன். அழகைப் பார்க்கவில்லை. வண்டி எங்கே நிற்கிறது, அங்கிருந்து தண்ணீர் எவ்வளவு தூரம், நடுவில் மணலா சிமெண்டா என்பதைத்தான் பார்த்தேன். மணலில் தடி இறங்கிவிடும். அலை பெரிதாக இருந்தால் ஒற்றைக் காலில் நிற்பவளைத் தள்ளிவிடும். போன் மேப்பில் விரலை வைத்து அளந்து அளந்து கண் வலி வந்ததுதான் மிச்சம். கடைசியில் ராமேசுவரம் அகப்பட்டது. கடல் அங்கே குளத்துத் தண்ணீர் மாதிரிக் கிடக்கிறது. கரை வரைக்கும் ஆட்டோ போகும். படியில் உட்கார்ந்தபடியே காலை நனைக்கலாம். தலைவிக்குக் கோயில் ஆயிற்று, அண்ணனுக்கு மீன் ஆயிற்று, சுனாமிக்காரிக்கு அலையில்லாத கடல் ஆயிற்று. தூரம் ஒன்றுதான் குறை. மேட்டு வீட்டு அக்கா ஒருத்தருக்காக ஊரே கிட்டக்கப் போக முடியாது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு கூட்டத்துக்குப் போனேன்.

கூட்டத்தில் என் வாயைத் திறக்கவே விடவில்லை. தலைவியின் வீட்டுக்காரர், எங்கள் ஊரில் பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாத மனிதர், எழுந்து நின்றார்.

"ராமேசுவரம் யாரு கடலுங்க? நமக்கு என்னங்க சம்பந்தம்? நம்ம மலைத் தண்ணி அய்யாத்துல எறங்கி, காவேரில சேந்து, பூம்புகார்ல போயிக் கடலுக்குள்ள வுழுவுது. நம்ம தண்ணி போயிச் சேந்த கடலு இருக்க, அடுத்தவன் கடலுக்கு எதுக்குங்க போகோணும்?"

கூட்டம் அப்படியே சாய்ந்துவிட்டது. நம்ம தண்ணி என்று சொன்ன உடனே ஆளுக்கு ஆள், எங்க ஊட்டு ஓடைதான் அய்யாத்துக்குத் தலை, இல்லீங்க எங்க காட்டு ஊத்துத்தான் தலை என்று சண்டை ஆரம்பித்தது. மேட்டு வீட்டு அக்கா எந்த ஊர் கிட்டக்க என்று கேட்டார். பூம்புகார்தான் கிட்டக்க. அவரும் அந்தப் பக்கம் போய்விட்டார்.

நான் பூம்புகாரையும் அளந்து வைத்திருந்தேன். வண்டி நிற்கிற இடத்தில் இருந்து தண்ணீர் வரைக்கும் மணல். சும்மா மணல் இல்லை, நல்ல காலுள்ளவர்களே மூச்சு வாங்குகிற மணல். அலையும் பெரிது. அதைச் சொல்லியிருக்கலாம். நங்கையால் அங்கே நடக்க முடியாது, அதனால் ராமேசுவரம் போவோம் என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். ஊர்க்காரர்கள் கல் நெஞ்சக்காரர்கள் இல்லை. ஆனால் நங்கையின் கால் என்று பேச்செடுத்தால் விழுந்த கதை வரும், விழுந்த கதை வந்தால் ஏணி வரும், ஏணி வந்தால் கீழே யார் நின்றது என்று யாராவது கேட்பார்கள். அதனால் கோயில், புண்ணியம், படி என்று சுற்றி வளைத்து ஏதேதோ உளறினேன். எனக்கே அது எடுபடவில்லை.

நங்கையைப் பற்றி யாரோ ஒருத்தர் நல்ல மனசோடுதான் சொன்னார்: "அவியளுக்கு நடக்கச் செரமமா இருக்கும். ஊட்டுலயே இருக்கட்டும். நாம வரப்ப ஒரு பாட்டில்ல கடத்தண்ணி புடிச்சாந்து குடுத்தரலாம்."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியாது. "உங்களுக்கு வேணும்னா பாட்டில்ல புடிச்சாந்து தாரேன், நீங்க ஊட்டுல இருங்க" என்று கத்திவிட்டேன். பாவம், வயதில் மூத்தவர். வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டதில் அன்றைக்கு எனக்கும் அவருக்கும் சரிபாதி.

எங்கள் ஊரில் ஒரு விஷயம் பேச்சில் தீரவில்லை என்றால் அது சாமியிடம் போய்விடும். கிணறு எங்கே வெட்டுவது, பெண்ணை எந்தப் பக்கம் கொடுப்பது எல்லாம் பூக்கேட்டுத்தான். வெள்ளை அரளி ஒரு இலையில், சிவப்பு அரளி ஒரு இலையில். மடித்து சாமி முன்னால் போட்டால், ஒரு குழந்தை கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்கும். வெள்ளை என்றால் ராமேசுவரம், சிவப்பு என்றால் பூம்புகார் என்று வைத்தார்கள். டூர் போவதற்கெல்லாமா சாமியைத் தொந்தரவு செய்வது என்று கேட்டேன். கேட்டவள் நான் ஒருத்திதான்.

பூவை மடித்துக் கொடுக்கிற வேலை என்னிடம்தான் வந்தது. இரண்டு இலையிலும் வெள்ளையையே வைத்துவிடலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. குழந்தை எடுக்காத இலையை யாரும் பிரித்துப் பார்க்கப்போவதில்லை. ஆனால் கை சிவப்புப் பூவைத்தான் எடுத்தது. ஏணியை விட்டுவிட்டுப் போகத் தெரிந்தவளுக்கு, பூவை மாற்றி வைக்கத் துணிச்சல் இல்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எனக்கு எரிச்சலாக வருகிறது. ஒழுங்காக மடித்துக் கொடுத்தேன். சின்னக் குழந்தை ஒன்று எடுத்தது. சிவப்பு. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். எங்கள் பூசாரி தங்கமான மனிதர், சாமிதான் கொடுக்கவில்லை.

சரி, மணல் என்றால் மணல். அன்று ராத்திரி சோறு இறங்காமல் யோசித்தேன். அப்போதுதான் அந்த அருமையான யோசனை உதித்தது. மலையில் நடக்க முடியாதவர்களை எப்படிக் கொண்டுபோகிறோம்? தூளி கட்டித் தூக்குகிறோம். செங்குத்துப் பாறையிலேயே தூக்குகிறவர்களுக்கு மணல் எம்மாத்திரம்? நாலு ஆண்கள் போதும், அதற்கு மேலேயே வருகிறார்கள். நேராகக் கொண்டுபோய்த் தண்ணீர் ஓரத்தில் இறக்கிவிட்டால் வேலை முடிந்தது. அண்ணனிடம் சொன்னேன், சரி என்றான். வண்டி டிரைவரிடம் சொல்லி ஒரு பச்சை மூங்கிலையும் கம்பளிப் போர்வையையும் வண்டி மேலே கட்டச் சொன்னேன். கடற்கரைக்குத் தூளி கொண்டுபோன ஊர் உலகத்திலேயே எங்கள் ஊராகத்தான் இருக்கும். நங்கைக்கு மட்டும் சொல்லவில்லை. அங்கே போனதும் ஆச்சரியப்படட்டும் என்று இருந்தேன்.

கிளம்புகிற அன்று விடியற்காலையில் நங்கையைக் கைத்தாங்கலாக ரோட்டுக்குக் கூட்டிப்போக அண்ணன் வீட்டுக்குப் போனேன். வீட்டில் இல்லை. எனக்கு உயிரே போய்விட்டது. ஓட்டமாக ரோட்டுக்கு வந்தால், கல் மேல் உட்கார்ந்து தலைத்துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். எல்லோருக்கும் முன்னால் தனியாகக் கிளம்பி, தடியை ஊன்றி ஊன்றி வந்து சேர்ந்துவிட்டார். "சொல்லியிருந்தா நான் வந்திருப்பேனல்லங்க, எங்காச்சும் வுழுந்திருந்தா?" என்று சத்தம் போட்டேன். நங்கை எனக்கு ஒரு எலுமிச்சம்பழம் கொடுத்தார்.

பிரயாணத்தைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. எல்லோரும் வெறும் வயிற்றோடு ஏறினோம். மலை இறங்குகிற வரை யாரும் சாப்பிடுவதில்லை. அப்படியும் மேட்டு வீட்டு அக்காவுக்கு ஒன்பதாவது வளைவிலேயே ஆரம்பித்துவிட்டது. காலையில் கிளம்பும்போது குளிர் நடுக்கியதால் பதினெட்டுப் பேரும் ஸ்வெட்டரும் மப்ளரும் போட்டிருந்தோம். திருச்சி தாண்டும்போது அத்தனையும் அவிழ்ந்து சீட்டுக்கடியில் மலையாகக் கிடந்தது. ஜோடி பின் சீட்டில் வாந்திப் பைகளுக்கு நடுவே போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. சமவெளி ரோட்டில் வளைவே இல்லை, அதனால் சீக்கிரம் போய்விடலாம் என்று கணக்குப் போட்டிருந்தோம். வளைவு இல்லாத ரோட்டில் வண்டிகள் இருக்கும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. பூம்புகார் போய்ச் சேரும்போது மத்தியானம் தாண்டிவிட்டது.

வண்டி நின்றது. கதவைத் திறந்ததும் காற்றும் வெயிலும் சேர்ந்து அடித்தன. தூரத்தில் மணலுக்கு அந்தப் பக்கம் கடல் தெரிந்தது. தலைவியின் வீட்டுக்காரர், "நம்ம தண்ணி, நம்ம தண்ணி" என்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார். சூடு தாங்காமல் பாதியில் செருப்பைப் போட்டுக்கொண்டு மறுபடியும் ஓடினார்.

நான் அண்ணனையும் இன்னும் மூன்று பேரையும் ஓடவிடாமல் பிடித்து நிறுத்தி, வண்டி மேலிருந்து மூங்கிலை இறக்கச் சொன்னேன். போர்வையை விரித்து முடிச்சுப் போட்டேன். கம்பளியைத் தட்டிச் சரிசெய்து, பெருமையோடு வண்டிப் பக்கம் திரும்பினேன். நங்கை படியில் ஒரு காலை வைத்தபடி தூளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் அப்படிச் சுருங்கி நான் பார்த்ததில்லை.

"என்ன இது?"

"உங்களுக்குத்தானுங்க நங்கை. மணல்ல நடக்க முடியாதில்லீங்க. நேராத் தண்ணிகிட்டக் கொண்டு போயி எறக்கிருவாங்க."

"நான் என்ன பொணமா?"

அண்ணன் ஏதோ சொல்ல வந்தான். நங்கை தடியைத் தூக்கி அவனை நிறுத்தினார்.

"அன்னைக்கி ரோடு வரைக்கும் இதுலதான் கொண்டு போனீங்க. மல்லாக்கப் படுத்து வானத்தையே பாத்துக்கிட்டுப் போனேன். கடலுக்கும் வானத்தப் பாத்துக்கிட்டே போவட்டுமா? எடுங்க அந்தக் கருமத்த."

சொல்லிவிட்டு வண்டிக்குள் போய்த் தன் சீட்டில் உட்கார்ந்துகொண்டார். அந்தப் பக்கக் கண்ணாடியில் கடல் தெரியாது. எதிரே ஒரு பஜ்ஜிக் கடைதான் தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆண்கள் மூங்கிலை அப்படியே போட்டுவிட்டு நழுவினார்கள். அண்ணன் மீன் வாசனை வந்த பக்கம் போனான். சிலர் கால் நனைக்க, சிலர் கத்த, ஜோடி போட்டோவுக்கு என்று எல்லோரும் போய்விட்டார்கள்.

நான் வண்டி நிழலில் உட்கார்ந்து என் கோபத்தை மென்றுகொண்டிருந்தேன். யார் மேல் கோபம் என்று கேட்டால் ஒரு பட்டியலே கொடுப்பேன். நம்ம தண்ணி என்று கிளப்பிவிட்டவர் மேல், சாமி மேல், தூளியைப் போட்டுவிட்டு ஓடினவர்கள் மேல். எல்லாவற்றையும்விட நங்கை மேல். இத்தனை நாள் பாறையில் வெந்து, மணலை அளந்து, ஊரையே பகைத்துக்கொண்டு இவ்வளவு தூரம் கூட்டி வந்தால், பஜ்ஜிக் கடையைப் பார்க்கிறார். இறங்கிப் போய்க் காலை நனைத்துக்கொண்டால் என்ன குறைந்துவிடும்? கொஞ்சம் ஒத்துழைத்தால் என்ன?

வெயில் இறங்கி மணல் கொஞ்சம் ஆறியது. எனக்குப் பின்னால் தடிச் சத்தம் கேட்டது. நங்கை இறங்கி வந்துகொண்டிருந்தார். என்னைக் கடந்து மணலுக்குள் போனார். எழுந்து கையைப் பிடிக்கப் போனேன். வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினார். தடி ஒவ்வொரு அடிக்கும் முழ ஆழம் இறங்கியது. பிடுங்கி, ஊன்றி, பிடுங்கி, ஊன்றி, ஒரு இருபது எட்டு போயிருப்பார். அங்கேயே நின்று மூச்சு வாங்கினார். பிறகு தடியைப் பக்கத்தில் போட்டுவிட்டு, கையை ஊன்றி மெதுவாக மணலில் உட்கார்ந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு காலை நீட்டினார்.

எனக்குத் தாங்கவில்லை. தண்ணீர் இன்னும் எங்கேயோ இருந்தது. ஓடிப்போய் அவர் முன்னால் நின்றேன்.

"இங்க உக்காந்தா எப்புடிங்க? இன்னும் கொஞ்சந்தானுங்க. நான் புடிச்சுக்கறேன், அண்ணனக் கூப்புடறேன். இல்லீன்னா அந்தக் கடையில ஒரு சேர் கேக்கறேன், சேரோட தூக்கிரலாம். இத்தனை தூரம் வந்துட்டுக் கால் நனைக்காமப் போனா என்னங்க அர்த்தம்?"

நங்கை ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனம் எனக்கு ஆஸ்பத்திரியில் இருந்தே பழக்கம். இரண்டு வருஷமாக அதோடுதான் குடித்தனம் நடத்தினேன். அன்றைக்கு அது என்னைக் குத்திக் கிளறிவிட்டது. அழுகையும் ஆத்திரமுமாகக் கத்தினேன்.

"ஏணிய வுட்டுட்டுப் போனவ நானுங்க! ஏணி வழுக்கலீங்க. போன் வந்துச்சு, நான் பாறைக்குப் போயிட்டேன். அதுக்குத்தானுங்க இத்தனையும்."

"தெரியும் கண்ணு" என்றார் நங்கை. "மேல இருந்தவளுக்குத் தெரியாதா? நீ போறத நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டேன். "பொறவு ஏனுங்க ஒரு வார்த்த கேக்கல?"

"கேட்டா என்ன பண்ணுவ? அழுவ. இடுப்பு வலியில கெடக்கறப்ப உன்னையத் தேத்தற வேலையும் எனக்கு வந்துரும். வலி ஒண்ணே போதும்னு வுட்டுட்டேன்."

அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு ஒரு பிடி கிடைத்திருக்கும். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றேன். பதினாறு பேரிடம் நோட்டும் பேனாவுமாகப் போய்க் கேட்டதை, அப்போதுதான் முதல் தடவையாக நங்கையிடம் கேட்டேன்.

"உங்களுக்கு இப்ப என்னதானுங்க வேணும்? சொல்லுங்க, அதச் செய்யறேன்."

நங்கை தலையை இடது பக்கம் சாய்த்து, பிறகு வலது பக்கம் சாய்த்து, என்னைச் சுற்றிப் பார்த்தார்.

"கொஞ்சம் அக்கட்டால தள்ளி நில்லு கண்ணு" என்றார். "அப்பத்துல இருந்து கடல மறைச்சுக்கிட்டே நிக்கற."

தள்ளி நின்றேன்.